ரும்டெக் மடாலயத்தை வெட்டியது யார்?

தில்லியில் சி.பி.எஸ்.இ. பாடத்திட்டத்தில் ஒன்பதாம், பத்தாம் வகுப்புப் படிக்கும் பிள்ளைகள் இருக்கும் வீட்டுக்குள் சிக்கிம் ஒரு முறையாவது நுழைந்துவிடும். ‘ஒரே பாரதம் உன்னத பாரதம்’ திட்டத்தில் தில்லிக்கு இணையாகச் சேர்க்கப்பட்ட மாநிலம் அது. கலையோடு இணைந்த புராஜெக்டை இணை மாநிலத்தின் கலையை வைத்துச் செய்ய வேண்டும் என்று வாரியம் சொன்னதிலிருந்து, மயூர் விஹாரிலும் ஆர்.கே.புரத்திலும் கரோல் பாகிலும் தமிழ்க் குடும்பங்களின் சாப்பாட்டு மேசைமேல் கஞ்சன்ஜங்கா தெர்மாகோலில் எழும்புகிறது.

எங்கள் குடியிருப்பில் ஒரு குழு சிக்கிமின் பௌத்த மடமான ரும்டெக் மடாலயத்தின் மாதிரியைச் செய்ய முடிவெடுத்தது. குழுவில் நான்கு பேர். வாட்ஸ்அப் குழு தொடங்கிய அன்று யோசனைகள் கொட்டின. முகமூடி நடனம் வைக்கலாம், துணியில் தீட்டும் பௌத்தத் தங்கா ஓவியம் வரையலாம், உள்ளே விளக்கு எரிய வைக்கலாம் என்றார்கள். அப்புறம் பேச்சு மூச்சு இல்லை. ஒப்படைக்க வேண்டிய நாளுக்கு முந்தைய இரவு, பக்கத்து வீட்டுப் பெண் மட்டும் தரையில் உட்கார்ந்து தளங்களை வெட்டிக்கொண்டிருந்தாள். அவளுடைய அம்மா காய்கறிக் கத்தியை மெழுகுவத்தியில் காட்டிக் காட்டிக் கூரையின் வளைவைச் சீவிக் கொடுத்தார். ஒரு பையன் தன் பங்காகத் தங்க நிற ஸ்பிரே பெயின்ட் டப்பாவை வாசலில் கொடுத்துவிட்டுப் போனான். அதை அடித்ததும் கூரை பொரிந்து பள்ளம் பள்ளமாக உள்வாங்கியது. ஸ்பிரே பெயின்டில் இருக்கும் கரைப்பான் தெர்மாகோலின் பாலிஸ்டைரீனைக் கரைத்துவிடும். முதலில் ஃபெவிகாலைக் கனமாகப் பூசிக் காயவிட்டிருந்தால் கூரை பிழைத்திருக்கலாம். அதைத் தேடிப் படிப்பது யாருடைய வேலை என்று யாருக்கும் தெரியாது. மறுநாள் நால்வருக்கும் ஒரே மதிப்பெண் கிடைத்தது.

“இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குப் பொறுப்பே இல்லை” என்று அந்த அம்மா வருந்தினார். அவருடைய களைப்பைப் பார்த்த எவரும் அப்படித்தான் சொல்வார்கள். ஆனால் அதே பையன் காலை ஐந்து மணிக்கு எழுந்து கிரிக்கெட் பயிற்சிக்குப் போகிறவன். ஒரு நாளும் தவறியதில்லை. பயிற்சியில் இருக்கும் பொறுப்பு புராஜெக்டில் எங்கே போயிற்று? குழு உளவியல் நூறு ஆண்டுகளுக்கு மேலாக இந்தக் கேள்வியைத் துருவிக்கொண்டிருக்கிறது. அது கண்டு சொன்ன விடை, பெற்றோர்களும் ஆசிரியர்களும் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டிய ஒன்று.

ஊர் கூடித் தேர் இழுக்கும்போது வடத்தைப் பிடித்திருக்கும் எல்லாக் கைகளும் இழுப்பதில்லை என்பது திருவிழாவுக்குப் போனவர்களுக்குத் தெரியும். அதை அளந்து பார்த்தவர் மாக்ஸ் ரிங்கல்மன் என்ற பிரெஞ்சு வேளாண் பொறியாளர். 1880-களில் அவர் செய்த சோதனைகளின் முடிவுகள் 1913-இல் வெளிவந்தன. தனியாக இழுக்கும் ஒருவரின் விசையை 100 என்று வைத்துக்கொண்டால், இருவர் சேரும்போது ஆளுக்கு 93, நால்வராகும்போது 77, எட்டுப் பேர் சேரும்போது 49 என்று குறைந்துகொண்டே போனது. எட்டுப் பேர் சேர்ந்து இழுத்தும் நான்கு பேருக்கும் சற்றுக் குறைவான வேலைதான் நடந்தது.

இதில் ஒரு பகுதி யாருடைய குற்றமும் இல்லை. எல்லோரும் ஒரே நொடியில், ஒரே திசையில் இழுப்பது கடினம். ஐவன் ஸ்டைனர் என்ற உளவியலாளர் 1972-இல் இத்தகைய இழப்புகளைச் ‘செயல்முறை இழப்பு’ என்று வகைப்படுத்தினார். ஒருங்கிணைப்புக் குறைவால் வருவது ஒன்று, ஊக்கம் குறைவதால் வருவது இன்னொன்று. இரண்டையும் எப்படிப் பிரித்துப் பார்ப்பது? 1974-இல் ஆலன் இங்ஹாமும் அவருடைய குழுவினரும் ஒரு வழி கண்டார்கள். சோதனைக்கு வந்தவரின் கண்ணைக் கட்டி, கயிற்றின் முன்புறம் நிற்க வைத்தார்கள். பின்னால் நிற்பவர்கள் இழுப்பதுபோல் நடித்தார்களே தவிர இழுக்கவில்லை. உண்மையில் இழுத்தது ஒரே ஆள். அங்கே ஒருங்கிணைப்புச் சிக்கலுக்கு இடமே இல்லை. இருந்தும், மற்றவர்களும் இழுக்கிறார்கள் என்று நம்பியபோது அவருடைய விசை குறைந்தது.

பிப் லத்தானேயும் இரு சக ஆய்வாளர்களும் 1979-இல் இதே கேள்வியைக் கைத்தட்டலிலும் கூச்சலிலும் கேட்டார்கள். மாணவர்களிடம் முடிந்தவரை உரக்கக் கத்தச் சொன்னார்கள். ஆறு பேர் சேர்ந்து கத்தியபோது, தனித்தனியாகக் கத்தியதன் கூட்டுத்தொகையில் 40 சதவீதம்தான் வந்தது. பிறகு கண்ணைக் கட்டி, காதில் ஹெட்போன் மாட்டி, தனியாகக் கத்துகிறவரையே இன்னும் ஐந்து பேரோடு சேர்ந்து கத்துவதாக நம்ப வைத்தார்கள். அப்போதும் தனியாகக் கத்தும்போது வரும் ஒலியில் 74 சதவீதம்தான் வந்தது. இந்தக் குறைவுக்கு அவர்கள் வைத்த பெயர் சமூகச் சோம்பல். ஸ்டீவன் காராவும் கிப்லிங் வில்லியம்ஸும் 1993-இல் 78 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, உடலுழைப்பிலும் மூளை உழைப்பிலும் இது தொடர்ந்து தென்பட்டது.

என் பார்வையில் இந்த வரலாற்றின் மிக முக்கியமான சோதனை 1981-இல் நடந்தது. அதே கூச்சல் சோதனைதான். ஆனால் ஒவ்வொருவர் முன்னும் தனி ஒலிவாங்கி வைத்து, “யார் எவ்வளவு கத்தினார் என்பது எங்களுக்குத் தெரியும்” என்று சொன்னார்கள். சோம்பல் மறைந்துவிட்டது. யாருக்கும் அறிவுரை சொல்லவில்லை, பரிசு தரவில்லை, தண்டிக்கவில்லை. ஒவ்வொருவரின் பங்கும் தனியாகத் தெரியும்படி ஆயிற்று, அவ்வளவுதான். கிரிக்கெட் பயிற்சிக்கு அந்தப் பையன் வராவிட்டால் வலையில் ஓர் இடம் காலியாக இருக்கும். புராஜெக்டில் அவன் செய்யாத வேலை எது என்று காட்டக்கூடிய காலியிடம் எங்கேயும் இல்லை.

ஹார்க்கின்ஸ், பெட்டி இருவரும் 1982-இல் இன்னொன்றைக் காட்டினார்கள். வேலை கடினமாகவோ, தன்னால் மட்டுமே செய்யக்கூடியதாகவோ இருந்தால், பங்கு தனியாகத் தெரியாதபோதும் மனிதர்கள் உழைப்பைக் குறைப்பதில்லை. ‘எல்லோரும் சேர்ந்து தகவல் திரட்டுங்கள்’ என்று சொல்லும்போது, ஒருவர் திரட்டுவதை மற்ற மூவரும் திரட்ட முடியும். தன்னால்தான் ஆகும் என்ற எண்ணம் யாருக்கு வரும்?

இனி தரையில் உட்கார்ந்து வெட்டிக்கொண்டிருந்த பெண்ணைப் பற்றிப் பேச வேண்டும். அவளை மெச்சிவிட்டு நகர்ந்துவிடுவதுதான் வழக்கம். எனக்கு அவளைப் பற்றித்தான் அதிகக் கவலை. வில்லியம்ஸும் காராவும் 1991-இல் கண்டது இது: செய்யும் வேலை தனக்கு முக்கியமானது, கூட்டாளியோ சரியாகச் செய்யமாட்டார் என்று தோன்றினால், சிலர் தனியாகச் செய்வதைவிடவும் கூடுதலாக உழைப்பார்கள். இது ஈடுகட்டும் உழைப்பு. இதற்கு நேர் எதிரான ஒன்றை நார்பர்ட் கெர் 1983-இல் காட்டியிருந்தார். திறமை இருந்தும் செய்யாமல் இருக்கும் கூட்டாளியோடு சேர்ந்தவர்கள், தங்கள் பங்கையும் குறைத்துக்கொண்டார்கள். ஏமாளியாக இருப்பதைவிடத் தோற்பதே மேல் என்று மனம் கணக்குப் போடுகிறது. பொறுப்புள்ள பிள்ளை முதல் வகையில் தொடங்கி, சில ஆண்டுகளில் இரண்டாம் வகைக்குத் தள்ளப்படலாம். வகுப்பின் கடின உழைப்பாளிகள் பலர் குழு என்ற சொல்லைக் கேட்டாலே முகம் சுளிப்பதைப் பாருங்கள். நிறைய இடங்களில் பெண் பிள்ளைகளிடமே எழுதும் வேலையும் அலங்கார வேலையும் வந்து சேர்வதையும் பார்க்கிறேன். ‘அவள் கையெழுத்து அழகு’ என்பது ஒரு பாராட்டு மாதிரி சொல்லப்படும் சுமை.

இதோடு நினைவின் ஒரு கோணலும் சேர்ந்துகொள்கிறது. மைக்கேல் ராஸ், ஃபியோர் சிகோலி ஆகியோர் 1979-இல் தம்பதிகளிடம் வீட்டு வேலைகளில் உங்கள் பங்கு எவ்வளவு என்று தனித்தனியே கேட்டார்கள். கணவன் சொன்னதையும் மனைவி சொன்னதையும் கூட்டினால் பெரும்பாலும் மொத்தத்தைத் தாண்டியது. இருவரும் பொய் சொல்லவில்லை. தான் செய்தது எளிதாக நினைவுக்கு வருகிறது, மற்றவர் செய்தது வருவதில்லை. ஸ்பிரே பெயின்ட் வாங்க வெயிலில் மூன்று கடை ஏறி இறங்கியதைத்தான் அந்தப் பையன் நினைவில் வைத்திருப்பான்.

அப்படியானால் பொறுப்பு, நேர்மை, விடாமுயற்சி என்பவை எல்லாம் வெறும் சூழ்நிலையின் விளைவா? ஹியூ ஹார்ட்ஷோர்னும் மார்க் மேயும் 1920-களில் அமெரிக்காவில் ஏறக்குறைய 11,000 பள்ளிப் பிள்ளைகளைச் சோதித்தார்கள். தேர்வில் ஏமாற்றவும், பொய் சொல்லவும், சில்லறையை எடுத்துக்கொள்ளவும் வாய்ப்புள்ள நிலைமைகளை அமைத்துப் பார்த்தார்கள். ஓரிடத்தில் நேர்மையாக இருந்த பிள்ளை இன்னோரிடத்தில் அப்படியே இருக்கும் என்று சொல்ல முடியவில்லை. இரண்டுக்கும் இடையிலான தொடர்பு பலவீனமாக இருந்தது. குணம் என்று ஒன்று இல்லவே இல்லை என்பது இதன் பொருளல்ல. பின்னால் அதே தரவுகளை மறுபடி ஆராய்ந்தவர்கள் பொதுவான நேர்மையின் தடயத்தையும் கண்டார்கள். ஆனால் ஓரிடத்தில் பழகிய நற்குணம் தானாகவே நடந்து அடுத்த இடத்துக்குப் போவதில்லை. கூட்டாக வேலை செய்யும் பொறுப்பைக் கூட்டாக வேலை செய்துதான் பழக வேண்டும். நீதிபோதனை வகுப்பு அந்த இடத்தை நிரப்பாது.

எப்படிப் பழகுவது என்பதற்கு எலியட் அரான்சன் 1971-இல் டெக்ஸாஸ் மாநில ஆஸ்டின் நகரப் பள்ளிகளில் ஒரு வழி காட்டினார். அங்கே நிறவேறுபாட்டால் பிரிந்திருந்த பிள்ளைகள் அப்போதுதான் ஒரே வகுப்பில் உட்காரத் தொடங்கியிருந்தார்கள். பதற்றம் கடுமையாக இருந்தது. அவர் பாடத்தைத் துண்டுகளாக்கி, குழுவில் ஒவ்வொருவருக்கும் ஒரு துண்டு மட்டும் கொடுத்தார். தன் துண்டைக் கற்று மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பது அந்தப் பிள்ளையின் வேலை. தேர்வோ முழுப் பாடத்திலும் தனித்தனியாக நடக்கும். சிக்கிம் புராஜெக்டை இப்படிச் செய்தால், ஒருவன் மடாலயத்தின் கட்டட அமைப்பு, ஒருத்தி தங்கா ஓவியத்தின் நிறங்கள், இன்னொருவன் முகமூடி நடனம், மற்றொருத்தி தீஸ்தா நதி என்று எடுத்துக்கொள்வார்கள். மடாலயத்தைப் பற்றி ஆசிரியர் கேள்வி கேட்பது தீஸ்தாவை எடுத்தவளிடம். ஒருவர் சொல்லிக்கொடுக்காவிட்டால் மற்ற மூவரும் திணறுவார்கள். ‘ஒருவர் எழுத, ஒருவர் வெட்ட, ஒருவர் ஒட்ட’ என்ற நம் வழக்கமான பிரிவினையில் இது நடக்காது. ஒட்டியவருக்கு ஒட்டத்தான் தெரியும்.

ஒவ்வொருவரும் இன்றியமையாதவர் ஆகும்போது, கயிற்றுச் சோதனைக்கு நேர் எதிரானதும் நடக்கிறது. 1920-களில் ஓட்டோ கோலர் பெர்லினில் படகுச் சங்க உறுப்பினர்களை எடை தூக்க வைத்தார். இருவர் சேர்ந்து ஒரே கம்பியைத் தூக்கும்போது, ஒருவர் விட்டால் இருவருக்கும் முடிந்தது. அங்கே பலம் குறைந்தவர் தனியாகத் தூக்கியதைவிட அதிக நேரம் தாக்குப்பிடித்தார். இருவரின் பலத்திலும் மிதமான வேறுபாடு இருந்தபோதுதான் இது நன்றாக வேலை செய்தது. வகுப்பின் முதல் மாணவியையும் மிகவும் பின்தங்கியவர்களையும் ஒரே குழுவில் போட்டுவிட்டு, ‘அவள் பார்த்துக்கொள்வாள்’ என்று விடுவதில் எனக்கு உடன்பாடில்லாததற்கு இதுவும் ஒரு காரணம்.

2020-ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை, முன்னேற்ற அட்டையில் ஆசிரியரின் மதிப்பீட்டோடு தன்மதிப்பீடும் சக மாணவர் மதிப்பீடும் இடம்பெற வேண்டும் என்கிறது. நல்ல ஏற்பாடு, கேள்விகள் சரியாக இருந்தால். ‘இவர் பொறுப்பானவரா?’ என்று கேட்டால் நட்பும் பகையும்தான் விடை எழுதும். ‘சொன்ன நாளுக்குள் படத்தைத் தந்தாரா?’ என்று கேட்டால் ஆம், இல்லை என்று ஒன்றைத்தான் எழுத முடியும்.

சக மாணவர் பார்ப்பதைவிடத் தன்னைத் தான் பார்ப்பது நெடுநாள் உதவும். ஷிமான்ஸ்கி, ஹார்க்கின்ஸ் இருவரும் 1987-இல் காட்டியது என்னை மிகவும் கவர்ந்தது. தன் உழைப்பின் அளவை ஓர் அளவுகோலோடு தானே ஒப்பிட்டுக்கொள்ள வழி இருந்தால் போதும். சோதனையாளர் உட்பட வேறு யாரும் பார்க்க முடியாது என்று தெரிந்தபோதும் சோம்பல் தலைகாட்டவில்லை. பெஞ்சமின் பிராங்க்ளின் 18-ஆம் நூற்றாண்டில் தன் கையேட்டில் செய்ததும் ஏறக்குறைய இதுதான். பதின்மூன்று நற்குணங்களைப் பட்டியலிட்டு, ஏழு நாளுக்கு ஏழு கட்டம் போட்டு, தவறிய இடத்தில் கரும்புள்ளி வைத்தார். வாரத்துக்கு ஒரு குணத்தில் மட்டும் தனிக் கவனம். ஒழுங்கு என்ற குணம்தான் அவரை மிகவும் படுத்தியது. பெஞ்சமின் ஹார்க்கினும் சகாக்களும் 2016-இல் 138 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில், முன்னேற்றத்தைக் கண்காணிப்பது இலக்கை அடைய உதவுகிறது என்று உறுதியானது. எழுதி வைப்பதும் பிறர் அறியச் சொல்வதும் பலனைக் கூட்டின.

எதை எழுதுவது என்பதிலும் ஒரு நுட்பம் உண்டு. ‘இனி பொறுப்பாக இருப்பேன்’ என்ற தீர்மானம் பெரும்பாலும் காற்றோடு போய்விடும். பீட்டர் கோல்விட்சரின் ஆய்வுகள், ‘எப்போது, எங்கே, என்ன’ என்று முடிச்சுப் போட்ட திட்டம் நன்றாகப் பலிப்பதைக் காட்டின. சனிக்கிழமை காலை டிபன் முடிந்ததும் முகமூடி நடனம் பற்றி ஒரு பக்கம் எழுதிக் குழுவுக்கு அனுப்புவேன் என்பது அத்தகைய திட்டம். காலை டிபன் முடிவதே நினைவூட்டும் மணியாகிவிடுகிறது. அந்த நேரத்தில் மன உறுதியைத் தேடி அலைய வேண்டியதில்லை. 2006-இல் தொகுக்கப்பட்ட 94 ஆய்வுகளிலும் பலன் சீராகவே இருந்தது.

இது பழக்கமாக எத்தனை நாள் ஆகும்? லண்டனில் பிலிப்பா லாலியும் குழுவினரும் 96 பேரைத் தொடர்ந்து கவனித்ததில், ஒரு செயல் தானாக வரும் நிலையை அடைய ஆன காலத்தின் இடைநிலை 66 நாள். ஆளையும் செயலையும் பொறுத்து அது 18 நாளிலிருந்து 254 நாள் வரை விரிந்தது. நடுவில் ஒரு நாள் தவறியதால் பழக்கம் பெரிதாகப் பாதிக்கப்படவில்லை.

இந்த எண்களை வைத்துக்கொண்டு தில்லிப் பள்ளி நாள்காட்டியைப் பார்த்தால், குழுப் புராஜெக்டைக் கோடை விடுமுறை வீட்டுப்பாடமாகக் கொடுப்பதைத்தான் முதலில் மாற்ற வேண்டும் என்று தோன்றுகிறது. ஜூன் மாதத்தில் குழுவில் ஒருத்தி திருச்சியில் பாட்டி வீட்டில் இருப்பாள், ஒருவன் பாட்னாவில், ஒருவன் டேராடூனில். யாரும் யாருடைய கண்ணிலும் படாத காலம் அது. ஜூலையில் பள்ளி திறந்த பிறகு கொடுத்து, அதே நால்வரைத் தசரா விடுமுறை வரை சேர்த்து வைத்து, வெள்ளிக்கிழமைதோறும் பத்து நிமிடம் ஒதுக்கி, நால்வரும் அந்த வாரம் முடித்ததைத் தங்கள் கையாலேயே சார்ட் பேப்பரில் எழுதி வகுப்புச் சுவரில் ஒட்டச் சொல்லலாம். அடுத்த பெற்றோர்–ஆசிரியர் கூட்டத்தில் கேட்டுப் பாருங்கள்.