ஒரு சாண் மணல்

மேட்டூர் அணையை வழக்கமாக ஜனவரி 28-ல் மூடி, ஜூன் 12-ல் திறப்பார்கள். இடைப்பட்ட மாதங்களில் கொள்ளிடத்தின் பெரும்பகுதி வெறும் மணலாகக் கிடக்கும். மணல் வண்டிகள் ஆற்றில் இறங்கத் தோதான காலம். ஆற்றுப் பறவைகள் முட்டையிடும் காலமும் அதுதான்.

டெல்டாவில் பறவை, நீர்நாய் கணக்கெடுக்கும் வேலை என்பதால் மணல் குவாரி பற்றிய கூட்டங்களுக்கு அடிக்கடி போவேன். 2018 ஆகஸ்டில் கொள்ளிடம் பிரியும் இடத்திலுள்ள முக்கொம்பு மேலணை மதகுகள் அடித்துச் செல்லப்பட்ட பிறகு, பேச்சு பெரும்பாலும் ஆற்று மணலை எத்தனை அடி ஆழம் தோண்டினார்கள் என்பதிலேயே சுற்றுகிறது. நியாயமான கேள்விதான். ஆனால் மேல்மட்டத்தில் ஒரு சாண் மணல் போனாலே பறவையின் கதை முடிந்தது, விதிப்படி எடுத்தாலும் சரி.

ஆள்காட்டிப் பறவை கூடு கட்டாது. தரையில் லேசாக ஒரு குழி, அதில் பெரும்பாலும் நான்கு முட்டை. மண் நிறத்தில் கரும்புள்ளிகளோடு இருப்பதால் காலடியில் கிடந்தாலும் தெரியாது; லாரி டயருக்கு எங்கே தெரியப்போகிறது? சித்திரை வெயிலில் தாயோ தந்தையோ பக்கத்துக் குட்டைக்குப் பறந்துபோய், வயிற்றிறகை நனைத்து வந்து முட்டை மேல் உட்காரும். சூடு தணிய அதுவும் ஒரு வழி. ஆற்று ஆலாவும் திட்டு மணலில் இப்படித்தான் முட்டையிடும்.

கரைக்கு வந்தால் வேறு கூட்டம். கருப்பு வெள்ளை மீன்கொத்தியும் பஞ்சுருட்டானும் செங்குத்தான மண்கரையில் பொந்து குடையும். லாரி இறங்கப் பாதை வெட்டும்போது முதலில் சரிவது அந்தக் கரைதான். நீர்நாய்க்கு நாணலும் மரவேரும் அடர்ந்த படுகை வேண்டும். தண்ணீரைவிட்டு ஏறியதும் மணலில் புரண்டு ரோமத்தைக் காயவைக்கும். கூட்டமாக ஒரே இடத்தில் எச்சமிடும். மீன் செதிலும் நண்டு ஓடுமாக, வாடையே இடத்தைக் காட்டிக்கொடுக்கும்.

‘பள்ளத்தில் தண்ணீர் நிற்கிறதே, நல்லதுதானே’ என்பார்கள். செங்குத்தாக வெட்டிய பள்ளத்தில் கணுக்கால் அளவுத் தண்ணீர் ஏது? உள்ளானும் கொக்கும் எங்கே நின்று இரை தேடும்? அடுத்த வெள்ளத்தில் மணல் வந்துவிடும் என்பதும் பழைய நம்பிக்கை. மேலிருந்து வரும் மணலில் பெரும்பங்கை 1934 முதல் மேட்டூரே பிடித்துவைத்துக்கொள்கிறது.

உங்கள் ஊர்ப் பக்கம் குவாரி வருகிறதென்றால் ஆழத்தோடு மாதத்தையும் கேளுங்கள். மார்ச் முதல் மே வரை முட்டைத் திட்டுகளை விட்டுவைப்பார்களா? இறங்குபாதை எந்தக் கரையில்? அப்புறம், குவாரிக்கான சுற்றுச்சூழல் ஆய்வறிக்கையில் உயிரினப் பட்டியலை எப்போது எடுத்தார்கள் என்று பாருங்கள். நவம்பரில், தண்ணீர் ஓடும்போது எடுத்திருந்தால் திட்டில் முட்டையிடும் பறவை அதில் எப்படி வரும்? கூடு கண்ணில் பட்டால் தள்ளி நின்று தேதியோடு படமெடுத்து, ஆட்சியருக்குக் கொடுக்கும் மனுவில் இணையுங்கள். கிட்டப் போக வேண்டாம். நீங்கள் குனிவதைப் பார்த்துத்தான் காக்கை முட்டைக்கு வரும்.