நாள்வழி ஒன்று, பேரேடு ஏழு

போடிநாயக்கனூர் ஏலக்காய்க் கடைகளில் பழைய கணக்குப்பிள்ளைகளிடம் இரண்டு நோட்டு இருக்கும். இடுக்கி மலையிலிருந்து மூட்டை இறங்க இறங்க எழுதுவது நாள்வழி. வண்டன்மேட்டுக்காரர் கணக்கு தனி, சாந்தன்பாறைக்காரர் கணக்கு தனி என்று ஆள்வாரியாக ஏற்றுவது பேரேடு. பேரேட்டு வரியில் நாள்வழியின் பக்க எண்ணும் இருக்கும். கணினியில் தகவலைச் சேமித்து வைக்கும் டேட்டாபேஸில் டேபிள்தான் நாள்வழி, இன்டெக்ஸ்தான் பேரேடு.

அங்கே ஒரு கடைக்கு மென்பொருள் எழுதிக் கொடுத்தேன். வரிசை எண், தேதி, தோட்டக்காரர், எடை, விலை, வாங்கியவர், நிலை என்று ஏழு பத்தி. தேடல் மெதுவாக இருக்கிறது என்றார்கள். பத்திக்கு ஒன்றாக ஏழு இன்டெக்ஸ் போட்டேன். தேடல் பறந்தது. சீசன் வந்ததும் கடைக்காரர் போன் செய்தார்: "தம்பி, மூட்டை எறங்குற வேகத்துக்கு உங்க மெஷின் வரலையே."

இன்டெக்ஸ்களில் பெரும்பாலானவை பி-ட்ரீ என்ற அமைப்பில் இருப்பவை. ருடால்ஃப் பேயரும் எட்வர்ட் மெக்ரைட்டும் 1972-ல் கட்டுரையாக வெளியிட்டது. வரிசைப்படுத்திய குறிப்புகளைப் பக்கம் பக்கமாக, மேலிருந்து கீழே கிளை பிரித்து வைக்கும். நான் பயன்படுத்திய டேட்டாபேஸான போஸ்ட்கிரஸில் ஒரு பக்கம் 8 கேபி. பக்கத்துக்கு 200 குறிப்பு என்று வைத்தாலும் மூன்றே படியில் 80 லட்சம் வரிகளை எட்டிவிடலாம். படிப்பவருக்குக் கொண்டாட்டம்தான்.

எழுதுபவர் பாடு வேறு. ஒரு மூட்டை பதிவானால் டேபிளில் ஒன்று, இன்டெக்ஸ்களில் ஏழு என எட்டு இடத்தில் எழுத வேண்டும். எட்டுக்கும் ஒரே செலவு இல்லை. தேதி ஏறிக்கொண்டே போவதால் புதுக் குறிப்பு எப்போதும் கடைசிப் பக்கத்தில்தான் விழும். அந்தப் பக்கம் நினைவகத்திலேயே இருக்கும். தோட்டக்காரர் பெயர் அப்படியில்லை. இப்போது நடுவில், அடுத்தது முதலில் என்று சிதறும். பக்கம் நிறைந்திருந்தால் இரண்டாகப் பிளக்க வேண்டும். நினைவகத்தில் இல்லாவிட்டால் டிஸ்கிலிருந்து இழுத்து வர வேண்டும்.

நான் கவனிக்காத இடம் ஏலம் முடிந்த பிறகு. (ஏலக்காயையும் நாம் ஏலம் என்கிறோம், இங்கே சொல்வது விலை கேட்கும் ஏலம்.) மூட்டை விற்றதும் விலை, வாங்கியவர், நிலை மூன்றையும் திருத்துவோம். போஸ்ட்கிரஸ் வரியைத் திருத்தும்போது பழையதை அழிக்காது. புதுப் பிரதி ஒன்று எழுதும். திருத்திய பத்தி எதிலும் இன்டெக்ஸ் இல்லை, அதே பக்கத்தில் இடமும் இருக்கிறது என்றால் இன்டெக்ஸ்களைத் தொடவே தொடாது. 2008-ல் வந்த 8.3 பதிப்பிலிருந்து இந்தச் சலுகை உண்டு. ஒரே ஒரு இன்டெக்ஸ் பத்தி மாறினாலும் சலுகை போச்சு, ஏழு இன்டெக்ஸிலும் புதுக் குறிப்பு ஏறும். விலை மாறியதற்குத் தேதிப் பேரேட்டிலும் வேலை! இன்னொரு டேட்டாபேஸான மைஎஸ்க்யூஎல்லில் தகவலைச் சேமிக்கும் பகுதியான இன்னோடிபி இப்படிச் செய்வதில்லை, மாறிய பத்தியின் இன்டெக்ஸை மட்டும் திருத்தும்.

சரி, எதை எடுப்பது? எந்த இன்டெக்ஸ் எத்தனை முறை பயன்பட்டது என்று போஸ்ட்கிரஸே கணக்கு வைத்திருக்கிறது. எடைக்கு நேராகப் பூஜ்யம். 'நிலை'யில் விற்றது, விற்காதது என்று இரண்டே மதிப்பு. பாதி டேபிளைக் கேட்கிற தேடலுக்கு முழு டேபிளையும் படிப்பதே லாபம் என்று டேட்டாபேஸ் ஒதுக்கியிருந்தது. விலையை யாரும் தேடவே இல்லை. மூன்றையும் நீக்கினேன். தோட்டக்காரர் இன்டெக்ஸை 'தோட்டக்காரர், தேதி' என்று இரண்டும் சேர்ந்த ஒன்றாக மாற்றினேன். தோட்டக்காரரை மட்டும் தேடினாலும் அது உதவும். தேதியை மட்டும் தேடினால் பெரிதாக உதவாது, அதனால் தேதிக்குத் தனியாக ஒன்று இருக்கட்டும் என்று விட்டேன்.

வாங்கியவர் இன்டெக்ஸில் கை வைக்க முடியவில்லை. பில் போட அது வேண்டும். ஆகவே விற்பனை நேரத்துச் சலுகை இன்னும் கிடைக்கவில்லை; ஆனால் எட்டு இடத்துக்குப் பதில் ஐந்து இடம்தான். அப்புறம் கடைக்காரரிடமிருந்து அந்த போன் வரவில்லை.