ஊர் சொல்லும் ஆலோசனையும் உங்கள் கணக்குக் கொப்பியும்

யாழ்ப்பாணத்தில் சிறுதொழில் செய்வோரின் கணக்குகளைப் பார்க்கும் பணியில் நான் அடிக்கடி காண்பது, முதல் போடுவதற்கு முன்பே ஆலோசனைகள் வந்து குவிந்துவிடுவதைத்தான். "லீசிங்கில் ஒரு வான் எடு", "கொழும்புக்கு அனுப்பினால்தான் முன்னேறலாம்", "கடனுக்குக் கொடுக்காவிட்டால் கடைக்காரர் எடுக்கமாட்டினம்" என்று சொல்லும் உறவினரிடத்தில் கெட்ட எண்ணம் எதுவுமில்லை. ஆனால் கனடாவில் மாதச் சம்பளத்துக்கு வேலை செய்யும் சித்தப்பா, சந்தையில் கைக்காசு கொடுத்துச் செத்தல் மிளகாய் வாங்குபவரின் நெருக்கடியை அறிந்திருக்க நியாயமில்லை.

மிளகாய்த்தூள் செய்து விற்கும் ஒரு பெண்ணின் கணக்கை இங்கே காட்டுகிறேன். செத்தல், மல்லி, பெருஞ்சீரகம், மில்கூலி, பொதி எல்லாம் சேர்த்து 2021இல் அவருக்குக் கிலோவுக்கு ஏறத்தாழ 800 ரூபாய் அடக்கம் விழுந்தது. கொழும்பில் ஒரு விற்பனை நிலையம் மாதம் 200 கிலோ கேட்டது. பணம் 60 நாள்களுக்குப் பின்னர்தான். விட்டுவிடாதே என்று எல்லோரும் வற்புறுத்த, அவர் கொப்பியை எடுத்துப் பெருக்கிப் பார்த்தார். முதற்பணம் கைக்கு வருமுன் 400 கிலோவின் அடக்கமான 3 இலட்சத்து 20 ஆயிரம் ரூபாய் வெளியில் நிற்கும். அவரிடம் அதில் பாதிகூட இல்லை. மிகுதிக்கு நகையை அடைவு வைக்கவேண்டும், அந்த வட்டியும் இலாபத்திலிருந்தே போகவேண்டும். அவர் மறுத்துவிட்டார்.

2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாயளவில் இருந்த டொலர், மே மாதத்தில் 360 ரூபாயைத் தாண்டியது. செத்தலின் பெரும்பகுதி இந்தியாவிலிருந்து வருவதால், பழைய விலையில் கடனுக்குக் கொடுத்திருந்தவர்கள், பணம் முழுதாகக் கிடைத்தபோதும் அதே அளவு சரக்கை மீண்டும் வாங்க முடியாமல் நின்றார்கள். ஏப்ரலில் மத்திய வங்கி, மற்ற வங்கிகளின் வட்டிக்கு அடிப்படையான கொள்கை வட்டியை ஒரேயடியாக 7 சதவீதப் புள்ளிகள் உயர்த்தியபின், கடனெடுத்துச் சமாளிக்கவும் வழி குறைந்தது. ரூபாயின் இந்த வீழ்ச்சியை அந்தப் பெண் முன்கூட்டி அறியவில்லை; தன் முதல் எத்தனை நாள் வெளியில் நிற்கலாம் என்பதை அறிந்திருந்தார்.

சொந்தத் தீர்மானத்துக்கும் எல்லை உண்டு. வணிகப் பெயரைப் பதிவதிலும், பொதுச் சுகாதாரப் பரிசோதகர் கேட்கும் சுத்தத்திலும், பொதியில் நிறையும் திகதியும் அச்சிடுவதிலும் உங்கள் விருப்பத்துக்கு இடமில்லை. "சின்னத் தொழிலுக்கு இதெல்லாம் எதற்கு" என்ற பேச்சை நம்பிப் பதிவைத் தள்ளிப்போட்டவர்கள், தொழிலின் பெயரில் வங்கிக் கணக்குத் திறக்கப்போய் வெறுங்கையோடு திரும்புகிறார்கள்.

மற்றவற்றை உங்கள் கொப்பியிடம் கேளுங்கள். அன்றன்று வாங்கியதையும், விற்றதையும், வரவேண்டிய கடனையும் எழுதுங்கள். வீட்டுச் செலவுக்கு எடுத்ததையும் எழுதுங்கள், பலர் விட்டுவிடுவது அதைத்தான். நல்லூர்த் திருவிழாக் காலமும் அடங்க ஓராண்டு எழுதினால், எந்த மாதத்தில் கை இறுகுகிறது என்பது தெரிந்துவிடும். லீசிங் படிவத்தில் கையெழுத்திடுமுன், மிக மந்தமான அந்த மாதத்தின் வருமானத்திலிருந்து தவணைப் பணத்தைக் கழித்துப் பாருங்கள். மிஞ்சுவது வீட்டுக்கும் அடுத்த சரக்குக்கும் காணாது என்றால், இன்னும் ஓராண்டுக்கு வானை வாடகைக்கே பிடியுங்கள்.