மரம் வெட்டுவதற்கு முன் ஒரு வௌவால் கணக்கு

மாலை 7 மணி ஆகப் பத்து நிமிடம் இருந்தது. சிங்கப்பூரில் விரைவுச்சாலையை ஒட்டிய ஒரு காட்டோரம். அக்கா மகள் கையில் திறன்பேசி, அதன் அடியில் செருகிய தீப்பெட்டி அளவு ஒலிவாங்கி. கட்டுமானம் வரப்போகும் இடங்களில் என்னென்ன உயிர்கள் வாழ்கின்றன என்று கணக்கெடுப்பது அவள் வேலை. "மாமா, இனிமே பேசாதீங்க. சாவிக்கொத்தையும் பையில போட்டுடுங்க" என்றாள். சாவிகள் உரசும்போது நம் காதுக்கு எட்டாத ஒலியும் கிளம்புகிறது. கருவி அதையும் பதிந்துகொள்ளும். அப்புறம் எது சாவி, எது வௌவால் என்று பிரிக்க அவள்தான் உட்கார வேண்டும்.

பத்து நிமிடம் கழித்துத் திரையில் கோடுகள் ஓடத் தொடங்கின. கருவியிலிருந்து 'டப், டப், டப்' என்று நனைந்த கைகளைத் தட்டுவது போல ஒரு சத்தம். தலைக்கு மேல் பார்த்தேன். எனக்கு ஒன்றும் தெரியவில்லை, கேட்கவும் இல்லை. ஆனால் அங்கே ஒரு உயிர் கத்திக்கொண்டே பறந்து போயிருக்கிறது.

பூச்சி தின்னும் வௌவால் கத்தித்தான் வழி காண்கிறது. எதிரொலி திரும்பி வரும் நேரத்தை வைத்து, எதிரே இருப்பது கிளையா அந்துப்பூச்சியா, எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று புரிந்துகொள்கிறது. மனிதக் காது அதிகபட்சம் நொடிக்கு 20,000 அதிர்வு வரை கேட்கும். வயதானால் அதுவும் குறையும். பல வௌவால்கள் கத்துவது 40,000 அதிர்வுக்கு அருகிலும் அதற்கு மேலும். அவ்வளவு உயரத்தில் கத்தக் காரணம் இருக்கிறது. 40,000 அதிர்வு ஒலியின் ஓர் அலை காற்றில் சுமார் 8.5 மில்லிமீட்டர் நீளம்தான். அலை எவ்வளவு சிறியதோ அவ்வளவு சிறிய பூச்சியிலும் பட்டுத் திரும்பும். நம் பேச்சொலியின் அலை மிக நீளம், கொசுவைக் கண்டுகொள்ளாமல் கடந்து போய்விடும்.

அதைப் பதிவு செய்யச் சாதாரண ஒலிப்பதிவுக் கருவி உதவாது. ஓர் ஒலியைச் சரியாகப் பிடிக்க, அதன் அதிர்வைப் போல் இரண்டு மடங்குக்கு மேற்பட்ட தடவை ஒவ்வொரு நொடியும் அளந்தாக வேண்டும். இசைக் குறுந்தட்டு நொடிக்கு 44,100 தடவை அளக்கிறது. வௌவால் கருவிகளோ 256,000, 384,000 தடவை. அப்படிப் பிடித்ததைப் பத்து மடங்கு மெதுவாக ஓடவிட்டால் நம் காதுக்கு வந்துவிடும்.

திரையில் ஒவ்வொரு கத்தலும் ஒரு வடிவமாக விழுகிறது. சில இனங்களின் கத்தல் மேலிருந்து கீழே சரியும். லாட வௌவாலின் கத்தல் மேசை போலத் தட்டையாக நிற்கும். அன்று எனக்கு மிகவும் பிடித்தது இன்னொன்று. சீராகப் போய்க்கொண்டிருந்த 'டப் டப்' திடீரென நெருங்கி, ரம்பம் இழுத்தது போல 'ஸ்ர்ர்ர்' என்று முடிந்தது. பூச்சியை நெருங்கும்போது வௌவால் நொடிக்கு நூற்றுக்கு மேற்பட்ட தடவை கத்தும். அந்த ரம்ப ஒலி கேட்டால் வௌவால் இந்த இடத்தைச் சும்மா கடந்து போகவில்லை, இங்கே இரை பிடிக்கிறது என்று பொருள். கட்டுமானம் வரப்போகும் மனைக்கு இந்த வித்தியாசம் பெரிது.

ஆனால் கருவியை மட்டும் நம்பினால் ஏமாந்துபோவோம். உயரமான ஒலியை ஈரக்காற்று சீக்கிரம் விழுங்கிவிடும். மிக உயரத்தில், அதுவும் மெல்லக் கத்தும் சில காட்டு வௌவால்கள் சில மீட்டர் நெருங்கி வந்தால்தான் பதிவாகும். கத்தலைக் கேட்டு இனத்தைச் சொல்லும் மென்பொருள்கள் பெரும்பாலும் ஐரோப்பா, அமெரிக்கா வௌவால்களைக் கேட்டுப் பழகியவை. நம் பகுதிக்கு மனிதக் கண்ணும் பொறுமையும்தான் கைகொடுக்கும்.

அதைவிடப் பெரிய ஓட்டை ஒன்று உண்டு. தரைவீட்டு முகப்பின் கீழ் தொங்கி, காலையில் பழச்சக்கையும் எச்சமுமாக விட்டுப் போகிறதே நாய்முகப் பழந்தின்னி, சிங்கப்பூரில் மிகச் சாதாரணமாகப் பார்க்கும் வௌவால், அது இப்படிக் கத்தி வழி கண்டுபிடிப்பதில்லை. பெரிய கண்களாலும் மூக்காலும் வாழ்கிறது. வௌவாலுக்குக் கண் தெரியாது என்று நம் ஊரில் சொல்வது இதற்குக் கொஞ்சமும் பொருந்தாது. பத்து இரவு கருவி வைத்தாலும் இந்த இனம் பட்டியலில் ஏறாமல் போகலாம். அதனால் டார்ச் அடித்துப் பனையோலைகளின் அடியைப் பார்க்கிறார்கள். ஆண் வௌவால் ஓலை நரம்புகளைக் கடித்து மடக்கிக் கூடாரம் போலக் கட்டிவைத்திருக்கும். காட்டுக்குள் என்றால் மெல்லிய வலையும் ஹார்ப் டிராப் என்ற பொறியும் கட்டுகிறார்கள். யாழ் நரம்பு போல இரண்டு வரிசை நைலான் இழைகள் நிற்கும். முதல் வரிசைக்குத் தப்பிய வௌவால் இரண்டாவதில் முட்டி, காயமில்லாமல் கீழே உள்ள பைக்குள் சறுக்கி விழும். முன்கை நீளம் அளந்து, எடை பார்த்து, விட்டுவிடுவார்கள். இதற்குத் தேசியப் பூங்காக் கழகத்தின் அனுமதி வேண்டும்.

இவ்வளவு பாடு எதற்கு? பூச்சியைத் தின்கிறது என்பதோடு முடியவில்லை. டுரியான் பூ மாலையில் விரிகிறது, அதன் மகரந்தத்தைச் சுமப்பதில் முக்கியமானது குகைத் தேன் வௌவால். காயைச் சமைத்துத் தின்னும் பெத்தாய் மரத்துக்கும் அதே வௌவால்தான். சிங்கப்பூரில் அதற்கேற்ற பெரிய குகைகள் இல்லை, அதனால் விரைவுச்சாலை மேம்பாலங்களின் அடியில் தொங்குகிறது. நாம் தினமும் பேருந்தில் கடக்கும் பாலம் அதற்கு வீடு. தீவின் மூலக்காட்டில் 95 விழுக்காட்டுக்கு மேல் போய்விட்ட பிறகும் இப்படி எங்காவது ஒண்டிக்கொண்டு பிழைத்திருக்கின்றன. பெரும்பாலான வௌவால்கள் ஒரு ஈற்றுக்கு ஒரே குட்டிதான் போடும். ஓர் அடைவிடம் அழிந்தால் மீண்டு வரப் பல ஆண்டுகள் பிடிக்கும்.

சரி, சட்டம் என்ன செய்கிறது? வனவிலங்குச் சட்டம் 2020ல் திருத்தப்பட்டு அந்த ஆண்டு ஜூன் 1 முதல் நடப்புக்கு வந்தது. அனுமதியின்றி வனவிலங்கைக் கொன்றாலோ பிடித்தாலோ 10,000 வெள்ளி வரை அபராதம், 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். பாதுகாக்கப்பட்ட பட்டியலில் உள்ள இனமென்றால் 50,000 வெள்ளி, 2 ஆண்டு. வீட்டு முகப்பில் தொங்கும் வௌவாலை விளக்குமாற்றால் அடித்துக் கொல்வதும் இதில் வரும். கட்டுமான நிறுவனங்களைப் பொறுத்தவரை, விலங்குகளைக் காக்க இன்னின்ன நடவடிக்கை எடு என்று நேரடியாக உத்தரவிடும் அதிகாரத்தையும் அந்தத் திருத்தம் தேசியப் பூங்காக் கழகத்துக்குத் தந்தது. அதே ஆண்டில், பல்லுயிர் ஆய்வை எப்படிச் செய்வது என்ற வழிகாட்டியும் வந்தது.

பிரிட்டனில் சட்டம் வேறு கோணத்தில் போகிறது. அங்கே 1981ஆம் ஆண்டுச் சட்டத்திலிருந்து வௌவாலுக்கு மட்டுமல்ல, அது அடையும் இடத்துக்கும் பாதுகாப்பு உண்டு. கூரையில் இப்போது வௌவால் இல்லாவிட்டாலும் அடைவிடம் அடைவிடம்தான். பழைய கூரையைப் பிரித்துக் கட்டுவதற்கே முதலில் ஆள் வந்து பார்க்க வேண்டியிருக்கும். குளிர்காலத்தில் அவை உறங்கிவிடுவதால் அந்திக் கணக்கெடுப்பு சுமார் மே முதல் செப்டம்பர் வரைதான். நமக்கு அந்தச் சிக்கல் இல்லை. ஆண்டு முழுவதும் சூரியன் 7 மணியை ஒட்டி மறைகிறது, மழை மட்டும்தான் இடைஞ்சல்.

அடைவிடம்தான் முக்கியம் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. அதனால்தான் கணக்கு முதலில், ரம்பம் பிறகு என்ற வரிசை மாறவே கூடாது என்கிறேன். 2021 தொடக்கத்தில் சிங்கப்பூரின் கிராஞ்சியில், பல்லுயிர் ஆய்வு முடியும் முன்பே காட்டின் ஒரு பகுதி வெட்டப்பட்டது பலருக்கும் நினைவிருக்கும். வெட்டிய பிறகு அங்கே போய் எதை எண்ணுவது?

மறுநாள் மாலை அக்கா மகள் ஒரு மூங்கில் புதர் முன்னால் என்னை உட்கார வைத்தாள். இரண்டு கணுக்களுக்கு நடுவே பேனா முள் நுழையும் அளவுக்கு ஒரு பிளவு. ஒரு வகை வண்டு போட்ட ஓட்டை அது. மூங்கில் வௌவால் அதன் வழியாகத்தான் உள்ளே போகும். மண்டை தட்டை, கட்டைவிரலிலும் பாதத்திலும் வழுக்காமல் ஒட்டிக்கொள்ள மெத்தைகள், எடை சுமார் 5 கிராம். பகலில் அந்தப் புதரைப் பார்த்தால் யாரும் வெறும் புதர் என்றுதான் சொல்வார்கள். அகழ்பொறி ஒரே காலையில் வாரி அள்ளிவிடும்.

7.15க்கு முதல் வௌவால் வந்தது. பிளவில் ஒரு மூக்கு தெரிந்தது, பிறகு உடல் பிதுங்கியது, விழுகிறதோ என்று பதறும்போதே பறந்துவிட்டது. அவள் விரலில் இருந்த எண்ணும் கருவி 'க்ளிக்' என்றது. இன்னொன்று. இன்னொன்று. பதினொன்றோடு நின்றது. இருட்டில் அரை மணி நேரம் கூடக் காத்திருந்தோம். பிறகு அவள் புதரைச் சுற்றி மஞ்சள் நாடா கட்டினாள். படிவத்தில் எழுதும்போது எட்டிப் பார்த்தேன்: "மூங்கில் புதர், அடைவிடம், குறைந்தது 11. முடிந்தால் விட்டுவிடவும். வெட்டியே ஆக வேண்டுமென்றால் குட்டிகள் இல்லையென்று உறுதி செய்த பின், வௌவால்கள் வெளியேறிய இரவில், ஆய்வாளர் முன்னிலையில்."

'குறைந்தது' என்ற சொல்லின் கீழ் இரண்டு கோடு போட்டிருந்தாள்.