மருந்துக் கடைக்கு முன்னால் போக வேண்டிய இடம்

பாலக்கோடு பக்கம் தக்காளி இலை சுருண்டால் நாம் முதலில் போவது மருந்துக் கடைக்குத்தான். ஒடித்துக் கொண்டுபோன கிளையைப் பார்த்துக் கடைக்காரர் இரண்டு டப்பா எடுத்துத் தருவார். அவரைக் குறை சொல்லவில்லை, விற்பது அவர் தொழில். ஆனால் மருந்து தேவையா இல்லையா என்று சொல்வதற்கே அரசு சம்பளம் கொடுத்து ஆள் வைத்திருக்கிறது. அவர்களிடம் யோசனை கேட்கக் காசு கொடுக்க வேண்டியதில்லை.

வட்டாரந்தோறும் வேளாண்மை விரிவாக்க மையம் இருக்கிறது. ராகி, சாமை, நிலக்கடலை, துவரை என்றால் உங்கள் ஊருக்கான உதவி வேளாண்மை அலுவலரைக் கேளுங்கள். தக்காளி, மா, மரவள்ளி, மல்லிகைக்குத் தோட்டக்கலைத் துறை. மல்பெரி போட்டவர்களுக்குப் பட்டு வளர்ச்சித் துறை. இந்தப் பிரிவு தெரியாமல் அலைந்து, வெறுத்துப்போய் வீடு திரும்பியவர்கள் நிறைய. உங்கள் ஊர் அலுவலர் யார் என்பதை தமிழக அரசின் உழவன் கைபேசிச் செயலியிலும் பார்க்கலாம்.

இன்னும் ஆழமாகக் கேட்க வேண்டுமானால் தருமபுரிக்காரர்களுக்குப் பாப்பாரப்பட்டி வேளாண் அறிவியல் நிலையம், கிருஷ்ணகிரிக்காரர்களுக்குக் காவேரிப்பட்டணம் அருகே பையூர் மண்டல ஆராய்ச்சி நிலையம். பையூர் 2 என்ற கொள்ளு ரகம் அங்கிருந்து வந்ததுதான்.

இந்தச் சேவைகளில் நாம் அதிகம் வீணடிப்பது மண் பரிசோதனையை. வரப்போரம் ஒரு கைப்பிடி அள்ளிக் கொடுத்துவிட்டு, மண்வள அட்டையில் வரும் முடிவு சரியில்லை என்கிறோம். வயலில் வளைந்து வளைந்து நடந்து பத்துப் பதினைந்து இடங்களில் எடுக்க வேண்டும். எருக்குழி, மரத்தடி, வரப்போரம் வேண்டாம். உரம் போட்ட கையோடும் எடுக்கக் கூடாது. மேலே உள்ள புல், சருகை நீக்கிவிட்டு 'வி' வடிவில் குழி வெட்டி, அதன் ஓரத்தை மேலிருந்து கீழாகச் சீவி எடுங்கள். ராகிக்கும் நிலக்கடலைக்கும் 15 சென்டிமீட்டர் ஆழம் போதும். மரவள்ளிக்கும் காய்கறிக்கும் 22. மாந்தோப்பு என்றால் 30, 60, 90 என மூன்று ஆழத்தில் தனித்தனியாக எடுக்க வேண்டும். ஒரே ஆழத்தில் எடுத்ததை ஒன்றாகக் கலந்து, நான்காகப் பிரித்து, எதிரெதிர்ப் பங்கைக் கழித்துக்கொண்டே வந்தால் கடைசியில் அரைக் கிலோ நிற்கும். அதை நிழலில் உலர்த்தித் துணிப்பையில் கொடுங்கள்.

மாடு வைத்திருப்பவர்களுக்குக் கால்நடை மருந்தகம்தான் எல்லாவற்றுக்கும் வாசல். வாயிலும் காலிலும் புண் வரும் கோமாரி நோய்க்கான தடுப்பூசி ஆறு மாதத்துக்கு ஒரு முறை இலவசமாகப் போடுகிறார்கள். நாலு மாதம் தாண்டிய கன்றையும் பிடித்துக்கொண்டு போங்கள். ஊசி போட்டால் பால் குறையும் என்று சிலர் மாட்டை ஒளித்துவைப்பதைப் பார்த்தால் மனசு கேட்பதில்லை. ஒன்றிரண்டு நாள் கொஞ்சம் குறையலாம், அப்புறம் பழையபடி வந்துவிடும். கோமாரி வந்த கறவை மாடு பழையபடி கறக்குமா என்பது சந்தேகம். கிடேரிக் கன்றுக்கு நாலு முதல் எட்டு மாதத்துக்குள் கருச்சிதைவு நோய்க்கான ஊசியும் உண்டு, ஆயுளுக்கு ஒரே முறை. அந்த நோய் மனிதருக்கும் தொற்றும் என்பதால் இதைத் தவறவிட வேண்டாம்.

காதில் போடும் 12 இலக்கத் தோட்டை அறுத்து எறியாதீர்கள். காப்பீடு செய்த மாடு செத்தால் பணம் கேட்க அந்த எண்தான் அத்தாட்சி. மாடு எழுந்திருக்க முடியாமல் கிடந்தால் 1962-க்குப் போன் செய்யுங்கள், நடமாடும் மருத்துவ ஊர்தி வரும்.

மானியம் கேட்டுப் போகும்போது சிட்டா, அடங்கல், ஆதார், வங்கிப் புத்தக நகல்களோடு, ஐந்து ஏக்கருக்குள் நிலம் இருந்தால் சிறு, குறு விவசாயி சான்றிதழையும் எடுத்துக்கொள்ளுங்கள். சொட்டுநீர்ப் பாசனத்துக்கு அந்தச் சான்று இருந்தால் 100 சதவீத மானியம், இல்லாவிட்டால் 75. அலுவலகத்தில் இழுத்தடித்தால், மாதந்தோறும் கலெக்டர் ஆபீஸில் நடக்கும் விவசாயிகள் குறைதீர்க்கும் நாளில் மனுவாகக் கொடுத்து, அதற்கான ரசீதைக் கேட்டு வாங்குங்கள்.