பணம் கட்டி வாங்கும் நிருபர் அட்டை: ஒரு சிற்றூர்ப் பத்திரிகை ஆசிரியரின் வேண்டுகோள்

எங்கள் வட்டாரத்தில் மேலும் ஓர் இளைஞர் கைதாகியிருக்கிறார். செங்கல் சூளை ஒன்றைப் படம் எடுத்துவிட்டு, செய்தி வெளிவராமல் இருக்க வேண்டுமானால் பணம் தர வேண்டும் என்று உரிமையாளரை மிரட்டியதாக வழக்கு. அவருடைய சட்டைப் பையில் இருந்த நிருபர் அட்டையில் ஒரு மாத இதழின் பெயரும், அரசின் சிங்க முத்திரையும், "இந்திய அரசில் பதிவு பெற்றது" என்ற வரியும் அச்சாகியிருந்தன. டிப்ளமோ முடித்துவிட்டு வேலை தேடிக்கொண்டிருந்த அந்தப் பிள்ளைக்கு இதழ் நடத்துபவர் சம்பளம் எதுவும் தரவில்லை; பிள்ளைதான் அவருக்குப் பணம் கட்டி அந்த அட்டையை வாங்கியிருக்கிறார். அந்தப் பணம் அவருடைய தாய் பீடி சுற்றிச் சேர்த்தது. "கவர்மெண்ட் கொடுத்த கார்டுதானே ஐயா, பிறகு ஏன் போலீஸ் பிடிச்சாங்க?" என்று அந்தத் தாய் என்னிடம் கேட்டார். தென்காசிப் பக்கம் ஒரு சிற்றூரில் நெடுங்காலமாக இதழ் நடத்திவரும் என்னிடம் இதே கேள்வியை வேறு பெற்றோரும் கேட்டிருக்கிறார்கள். இனியும் வாய்மொழியாகச் சொல்லிக்கொண்டிருப்பதில் பயனில்லை என்பதால் இதை எழுதுகிறேன்.

அரசு எந்த நிருபருக்கும் பதிவு எண் கொடுப்பதில்லை. ஆர்.என்.ஐ. (இந்தியச் செய்தித்தாள் பதிவாளர் அலுவலகம்) எண் என்று எல்லோரும் சொல்கிறார்களே, அது பத்திரிகையின் தலைப்புக்கும் வெளியீட்டுக்கும் உரிய பதிவு எண். முன்பு நடைமுறையில் இருந்த 1867-ஆம் ஆண்டின் அச்சகங்கள் மற்றும் நூல்கள் பதிவுச் சட்டத்தின்படி, ஒருவர் மாவட்ட நிர்வாகத்தின் முன் உறுதிமொழி அளித்து, இன்ன பெயரில், இன்ன மொழியில், இத்தனை நாளுக்கு ஒருமுறை, இன்ன அச்சகத்தில் அச்சிட்டு வெளியிடப்போகிறேன் என்று தெரிவிப்பார். முதல் பத்திரிகை ஆணையத்தின் பரிந்துரையை ஏற்று 1956 ஜூலை 1 அன்று தொடங்கப்பட்ட பதிவாளர் அலுவலகம், அதே பெயரில் வேறு இதழ் இல்லை என்பதைப் பார்த்துவிட்டு அதைப் பதிவு செய்யும். இப்போது 2023-ஆம் ஆண்டின் புதிய சட்டம் 2024 மார்ச் 1 முதல் நடைமுறைக்கு வந்து, விண்ணப்பம் இணையவழிக்கு மாறி, அலுவலகத்தின் பெயரும் பி.ஆர்.ஜி.ஐ. (இந்தியப் பத்திரிகைத் தலைமைப் பதிவாளர்) என்று மாறிவிட்டது. பதிவின் தன்மை மாறவில்லை. யார் வெளியிடுகிறார், யார் பொறுப்பு, வழக்கு வந்தால் யாரைத் தேடுவது என்பதற்காகவே இந்தப் பதிவு இருக்கிறது.

இதை இன்னும் ஒருமுறை வேறு விதமாகச் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் படித்தவர்கள்கூட இந்த இடத்தில்தான் ஏமாறுகிறார்கள். பதிவாளர் அலுவலகம் அந்த இதழில் என்ன எழுதப்படுகிறது என்பதற்குச் சான்று தருவதில்லை. அதில் வேலை செய்யும் நிருபர் யார், என்ன படித்தவர், அவர்மீது வழக்கு உண்டா என்று அது விசாரிப்பதும் இல்லை. அட்டையில் பதிவு எண் அச்சாகியிருந்தால், அப்பெயரில் ஓர் இதழ் பதிவு செய்யப்பட்டிருக்கலாம் என்பதற்கு மேல் அதற்குப் பொருள் இல்லை. அந்த எண்ணும் சில சமயம் வேறொருவருடையது. வண்டியின் பதிவு எண் உண்மையாக இருப்பதால் ஓட்டுபவருக்கு உரிமம் இருப்பதாக யாரும் கருதுவதில்லை அல்லவா, இதுவும் அப்படித்தான்.

மாநில அரசின் செய்தி மக்கள் தொடர்புத் துறை தரும் அங்கீகார அட்டை ஒன்று உண்டு, அது வேறு. அதைப் பெற விதிமுறைகள் இருக்கின்றன, நிறுவனத்தின் பரிந்துரை வேண்டும், குழு பரிசீலிக்கும். ஆனால் அந்த அட்டை வைத்திருப்பவருக்குக்கூட ஒரு கடைக்குள் அனுமதியின்றி நுழையவோ, ஒரு லாரியை நிறுத்திப் பில் கேட்கவோ, யாரையும் விசாரிக்கவோ அதிகாரம் கிடையாது. நிகழ்ச்சிகளுக்குச் செல்லவும் பயணச் சலுகை பெறவும் உதவும் வசதி மட்டுமே அது. இந்திய அரசமைப்பில் பத்திரிகையாளர்களுக்கென்று தனி உரிமைப் பிரிவே இல்லை. 19(1)(அ) பிரிவு எல்லாக் குடிமக்களுக்கும் தரும் பேச்சுரிமையே எங்களுக்கும் அடிப்படை. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் 10 ரூபாய் கட்டணத்துடன் மனுப் போட்டு 30 நாளில் பதில் கேட்கும் உரிமை எனக்கு எவ்வளவு உண்டோ, அந்தப் பீடித் தொழிலாளித் தாய்க்கும் அவ்வளவே உண்டு. ஊராட்சிக் கணக்கைக் கேட்க வேண்டும், குளத்தில் மண் அள்ளுவதைக் கேட்க வேண்டும் என்ற ஆர்வத்தில் அட்டை தேடும் பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்களுக்கு அட்டையே தேவையில்லை.

யூடியூப் சேனல்களின் பெயரில் தரப்படும் அட்டைகளுக்கும் இதே விடைதான். அச்சில் வராத எதையும் பதிவாளர் பதிவு செய்வதில்லை. சிறுதொழில் பதிவுச் சான்றிதழைக் காட்டி, மத்திய அரசின் அனுமதி பெற்ற செய்திச் சேனல் என்று விளம்பரம் செய்கிறார்கள். அந்தச் சான்றிதழை மாவரைக்கும் கடையும் வாங்கலாம். அரசு முத்திரையை அச்சடிப்பதோ தனிக் குற்றம். அதைத் தடுக்க 2005-ஆம் ஆண்டிலேயே சட்டம் இயற்றப்பட்டு, இரண்டு ஆண்டு வரை சிறைத் தண்டனை விதிக்கவும் வழி செய்யப்பட்டிருக்கிறது. ஆகவே சிங்க முத்திரையுள்ள நிருபர் அட்டையைப் பார்த்த உடனேயே, அதைக் கொடுத்தவர் சட்டத்தை மதிக்காதவர் என்று முடிவு செய்துவிடலாம்.

இந்த வியாபாரம் நடக்கும் விதம் எங்கும் ஒரே மாதிரிதான் இருக்கிறது. "அனைத்து மாவட்டங்களுக்கும் நிருபர்கள் தேவை, கல்வித் தகுதி தேவையில்லை" என்று வாட்ஸ்அப்பில் வரும். தாலுகா நிருபருக்கு ஒரு தொகை, மாவட்ட நிருபருக்கு அதைவிட அதிகம், இணை ஆசிரியர் என்று போட்டுக்கொள்ள இன்னும் அதிகம் என்று விலை வைத்திருப்பார்கள். அட்டையோடு வண்டிக்கு ஒரு பிரஸ் ஸ்டிக்கரும் வரும். ஆண்டுதோறும் புதுப்பிக்கப் பணம் கட்ட வேண்டும். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் இத்தனை ஆயிரத்துக்கு விளம்பரம் பிடித்துத் தர வேண்டும் என்று அடுத்து வரும். எழுதத் தெரியாத, சம்பளம் இல்லாத, பணம் கட்டிய ஒருவரிடம் விளம்பரப் பணமும் கேட்டால் அவர் எங்கே போவார்? கல் குவாரிக்கும், ரேஷன் கடைக்கும், கிளினிக்குக்கும்தான் போவார். அவர் பிடிபட்டவுடன், இன்னார் எங்கள் இதழிலிருந்து நீக்கப்பட்டுவிட்டார் என்று உரிமையாளர் அறிவிப்பு வெளியிட்டுவிடுவார். இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்துள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 308-ஆம் பிரிவில் மிரட்டிப் பணம் பறித்தலுக்கு ஏழு ஆண்டு வரை சிறை உண்டு. உரிமையாளர் விலகிக்கொள்ள, வழக்குக்கு அலைவது அந்தப் பிள்ளையும் அவருடைய குடும்பமும்தான்.

எங்கள் தொழிலின் பங்கையும் இங்கே சொல்லியாக வேண்டும். பெயர் பெற்ற நாளிதழ்களிலேயே தாலுகா அளவில் எழுதும் பலருக்கு மாதச் சம்பளம் கிடையாது. வெளிவரும் செய்திக்கு ஒரு சிறு தொகையும், பிடித்துக் கொடுக்கும் விளம்பரத்துக்குக் கமிஷனும்தான் வருமானம். காலையில் யாரைப் பற்றி எழுத வேண்டுமோ அவரிடமே மாலையில் விளம்பரம் கேட்டு நிற்க வேண்டிய நிலையில் ஒருவரை வைத்துவிட்டு, அவரிடம் நேர்மையை எதிர்பார்ப்பது கொடுமை. அப்படியும் நேர்மையாக எழுதும் நிருபர்கள் எங்கள் மாவட்டத்தில் இருக்கிறார்கள். புளியரைச் சோதனைச் சாவடி வழியாகக் கேரளத்துக்குப் போகும் கனிம லாரிகளைப் பற்றிப் பொறுப்புடன் எழுதும் அவர்கள், அதே லாரிகளை மறித்துக் காசு கேட்பவர்களால் கெட்ட பெயர் வாங்குகிறார்கள். போலி நிருபர்களைக் கட்டுப்படுத்த மாநிலத்துக்கென ஒரு பத்திரிகை மன்றம் அமைக்க வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றம் 2021 ஆகஸ்டில் உத்தரவிட்டது. பத்திரிகைச் சுதந்திரத்தைப் பறிக்காமல் அதை எப்படிச் செய்வது என்பது பெரிய கேள்விதான், ஆனால் அந்த உத்தரவுக்குக் காரணமான நிலைமை எங்கள் தெருக்களில் அப்படியே இருக்கிறது.

எங்கள் அலுவலகத்துக்குப் புதிதாக வருபவருக்கு முதலில் கொடுக்கும் வேலை, பாவூர்சத்திரம் சந்தையின் காய்கறி விலையைக் கேட்டு எழுதுவதும், மறைவு அறிவிப்புகளில் பெயரும் முதலெழுத்தும் ஊரும் சரியாக இருக்கின்றனவா என்று பார்ப்பதும்தான். ஒரு பெயரைச் சரியாக எழுதக் கற்றவரிடம்தான் நீதிமன்றச் செய்தியை நம்பிக் கொடுக்க முடியும். பாலியல் குற்றத்துக்கு ஆளான குழந்தையின் பெயரை எழுதக் கூடாது என்பது எல்லோருக்கும் தெரியும். பள்ளியின் பெயர், தெரு, தந்தையின் தொழில், வீட்டு வாசலின் படம் ஆகிய எதுவும் அந்தக் குழந்தையைக் காட்டிக்கொடுத்துவிடும் என்பது, பணம் கட்டி அட்டை வாங்கியவருக்கு யாரும் சொல்லித் தருவதில்லை. போக்சோ சட்டத்தின் 23-ஆம் பிரிவு இதற்கு ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை சிறையோ அபராதமோ விதிக்கிறது, வெளியீட்டாளரையும் உரிமையாளரையும் சேர்த்தே பொறுப்பாக்குகிறது. ஆனாலும் அத்தகைய படங்கள் வாட்ஸ்அப் குழுக்களில் பிரஸ் என்ற முத்திரையோடு சுற்றுகின்றன, அந்தக் குழந்தை அதே தெருவில்தான் வளர வேண்டியிருக்கிறது.

வணிகர்களிடமும் அதிகாரிகளிடமும் கடிந்தே பேச வேண்டியிருக்கிறது. "அண்ணாச்சி, இருநூறு, முந்நூறு கொடுத்து அனுப்பிட்டா தொல்லை விட்டது" என்று என்னிடமே சொல்கிறீர்கள். தொல்லை விடாது, அடுத்த வாரம் அவர் இன்னொருவரை அழைத்துக்கொண்டு வருவார். உங்கள் எடையும் கணக்கும் சரியாக இருந்தால் எதற்குக் கொடுக்கிறீர்கள்? சரியாக இல்லையென்றால், அதைத் திருத்துவதற்குப் பதிலாக மறைப்பதற்குத்தானே கொடுக்கிறீர்கள்? வருபவரின் பெயர், இதழின் பெயர், ஆசிரியரின் தொலைபேசி எண் ஆகியவற்றைக் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். அவர் முன்னாலேயே ஆசிரியரை அழைத்துப் பேசுங்கள். பணம் கேட்டால் எழுத்து மூலமாகக் காவல்துறையில் புகார் கொடுங்கள். தவறான செய்தி அச்சில் வந்தால் முதலில் ஆசிரியருக்கு மறுப்பு எழுதுங்கள். அவர் வெளியிட மறுத்தால், நாளிதழ், வார இதழ் என்றால் இரண்டு மாதத்துக்குள்ளும், மற்றவை என்றால் நான்கு மாதத்துக்குள்ளும் இந்தியப் பத்திரிகை மன்றத்துக்கு முறையிடலாம். மன்றத்தால் எச்சரிக்கவும் கண்டிக்கவும்தான் முடியும், தண்டிக்க முடியாது என்றாலும், முறையீடு பதிவாவது முக்கியம்.

இளைஞர்களே, வேலை கொடுப்பவர் உங்களிடம் பணம் கேட்டால் அது வேலை அல்ல. இதழின் கடைசி ஆறு பிரதிகளைக் கேளுங்கள். இல்லை என்று சொன்னால் அங்கேயே எழுந்து வந்துவிடுங்கள். பிரதி கிடைத்தால், அச்சிடுபவர், வெளியிடுபவர், ஆசிரியர் பெயர்களும் அச்சக முகவரியும் இருக்கும் வரியைப் படியுங்கள். பதிவு எண்ணைப் பதிவாளரின் இணையதளத்தில் தேடிப் பாருங்கள். மாவட்ட மக்கள் தொடர்பு அலுவலகத்தில் அந்த இதழைத் தெரியுமா என்று விசாரியுங்கள். உங்களுக்குச் சம்பளம் எவ்வளவு என்று எழுத்தில் கேளுங்கள். எழுதத்தான் ஆசை என்றால் உங்கள் ஊர்க் குளத்தைப் பற்றியோ, பள்ளிக்கூடத்தைப் பற்றியோ, தாயின் பீடிக் கூலியைப் பற்றியோ ஒரு பக்கம் எழுதிக்கொண்டு, உங்கள் ஊரில் ஒழுங்காக இதழ் நடத்தும் எவரிடமாவது செல்லுங்கள். உங்கள் எழுத்தைப் படித்துப் பார்க்க அவர் பணம் கேட்க மாட்டார். பெற்றோரே, பிள்ளையின் வண்டியில் திடீரென்று பிரஸ் என்ற எழுத்து தெரிந்தால், தயவுசெய்து பெருமைப்படுவதற்கு முன்னால் அது எங்கிருந்து வந்தது என்று கேளுங்கள்.

ஏற்கெனவே பணம் கட்டியவர்கள் அந்த ஸ்டிக்கரை இன்றே கிழித்துவிடுங்கள். சென்னையில் அனுமதியற்ற ஸ்டிக்கர்கள்மீது 2024 மே மாதம் முதலே போக்குவரத்துக் காவலர்கள் நடவடிக்கை எடுத்துவருகிறார்கள். அட்டையின் இரு பக்கங்களையும் நகலெடுத்து வைத்துக்கொண்டு, விலகுகிறேன் என்ற கடிதத்துடன் அதைச் சேர்ப்பித்ததற்குச் சான்று கிடைக்கும் வகையில் விரைவுத் தபாலில் அனுப்பிவிடுங்கள். பணம் கட்டிய ரசீதையும் வாட்ஸ்அப் உரையாடலையும் அழிக்காதீர்கள். பணத்தைத் திரும்பக் கேட்டதற்காக உங்களை யாராவது மிரட்டினால், அவற்றை எடுத்துக்கொண்டு மாவட்டக் காவல் கண்காணிப்பாளர் அலுவலகத்துக்குச் சென்று புகார் கொடுங்கள்.