வெள்ளையாகத் திரிந்தால் கடல் நீரா?

தேவிபட்டினத்திலிருந்து வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "குடோனுக்குள் தண்ணீர் புகுந்து மிளகாய் மூட்டைகள் நனைந்துவிட்டன. இன்சூரன்ஸ் சர்வேயர் வந்து, பழுப்பு நிறக் குப்பியிலிருந்து சாக்கின் மேல் ஒரு சொட்டு விட்டார். பால் மாதிரி வெளுத்தது. 'உப்புத் தண்ணிதான்' என்று எழுதிக்கொண்டு போய்விட்டார். அது என்ன மருந்து? அதை நம்பலாமா?"

மருந்தின் பெயர் வெள்ளி நைட்ரேட். பிளஸ் டூ ஆய்வகத்தில் பலரும் கையைக் கறுப்பாக்கிக்கொண்ட அதே கரைசல்தான். அது பொய் சொல்லாது. ஆனால் அந்தச் சொட்டை மட்டும் வைத்து ராமநாதபுரம் கடற்கரையில் எதையும் முடிவு கட்டக் கூடாது. ஏன் என்று பார்ப்போம்.

சர்வேயர் வருவதற்கு முன்பே அலுவலகத்தில் ஒரு சோதனை முடிந்திருக்கும். இதே பொருளுக்கு, இதே எஞ்சின் எண்ணுக்கு முன்பு எங்காவது க்ளெய்ம் வாங்கியிருக்கிறார்களா என்று பார்ப்பார்கள். பல நிறுவனங்களின் பாலிசி, க்ளெய்ம் விவரங்களைத் திரட்டி வைப்பதற்கென்றே 2009-இல் தொடங்கப்பட்ட இன்சூரன்ஸ் தகவல் மையம் ஹைதராபாத்தில் இருக்கிறது. வண்டி என்றால் 'நோ க்ளெய்ம் போனஸ்' உண்மையா என்று பழைய நிறுவனத்திடம் கேட்பார்கள். அந்தச் சலுகை 20 சதவீதத்தில் தொடங்கி 50 வரை போகும் என்பதால் அங்கே பொய் சொல்லும் ஆசையும் அதிகம். முன்பே முழுச் சேதம் என்று பணம் கொடுத்து, பழைய இரும்புக்குப் போயிருக்க வேண்டிய எஞ்சின் வேறொரு படகில் திரும்பி வந்திருக்கிறதா என்றும் துழாவுவார்கள். இதெல்லாம் சரியான வேலைதான். ஆனால் ஐந்து வருடத்தில் மூன்று க்ளெய்ம் என்பதை வைத்து மட்டும் ஒருவரைச் சந்தேகிப்பது இந்தக் கரையில் அநியாயம். ஒவ்வொரு வடகிழக்குப் பருவத்திலும் வங்கக் கடலைப் பார்த்துக்கொண்டு வாழ்கிறவரின் க்ளெய்ம் வரலாறும், மலையடிவாரத்தில் கடை வைத்திருப்பவரின் வரலாறும் ஒன்றாக இருக்க முடியாது.

கடல் நீரா, மழை நீரா என்பது ஏன் இத்தனை முக்கியம்? சரக்குக் காப்பீட்டில் ஏ, பி, சி என்று மூன்று வகை விதித் தொகுப்புகள் உண்டு. சரக்கு ஏற்றிய கலத்துக்குள்ளோ சேமித்த இடத்துக்குள்ளோ கடல், ஏரி, ஆற்று நீர் புகுந்தால் பி வகையில் பணம் உண்டு, மழையில் நனைந்தால் இல்லை. சி வகையில் இரண்டுமே இல்லை. கடை, குடோன் பாலிசிகளில் கோடு வேறு இடத்தில் விழுகிறது. புயல், வெள்ளம், நீர் சூழ்வது எல்லாம் அடங்கும். ஆனால் நாள்பட்ட கூரை ஒழுகல், மெல்லப் பிடித்த துரு போன்றவை பராமரிப்புக் குறை என்று தள்ளப்படும். ஆகவே தண்ணீர் எங்கிருந்து வந்தது என்பதில்தான் பணம் நிற்கிறது.

இனி அந்தச் சொட்டு. வெள்ளி அயனியும் உப்பில் உள்ள குளோரைடு அயனியும் சந்தித்தால் தண்ணீரில் ஏறக்குறைய கரையாத வெள்ளி குளோரைடு தயிர்போலத் திரிகிறது. லிட்டருக்கு 10 மில்லிகிராம் குளோரைடு இருந்தாலே மங்கல் கண்ணுக்குத் தெரியும். கடல் நீரில் இருப்பதோ கிலோவுக்கு 19 கிராமுக்கு மேல். ஆயிரம் மடங்கு நீர்த்த கடல் நீரும் வெள்ளை காட்டும். இந்தக் கூர்மைதான் அதன் பலம், இங்கே அதுவே பலவீனமும்.

இங்கே குளோரைடு இல்லாத பொருள் எது? உவர் ஏறிய கிணற்று நீரில் இருக்கிறது. வாலிநோக்கம் உப்பளப் பக்கமிருந்து வரும் காற்றில் இருக்கிறது. மூட்டை தூக்கியவரின் வியர்வையில் இருக்கிறது. பொட்டாஷ் உரம் ஏற்றிய லாரித் தளத்தில் இருக்கிறது. அந்த உரமே பொட்டாசியம் குளோரைடுதான். மிளகாய்க்குள்ளேயே இயற்கையாகக் கொஞ்சம் இருக்கிறது, கருவாட்டைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். 2024 நவம்பர் 20 அன்று ராமேஸ்வரத்தில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. வானத்திலிருந்து விழுந்த நல்ல தண்ணீர் அது. உப்பு மண்ணில் ஓடி ஒரு கடைக்குள் புகுந்த பிறகு அதே தண்ணீரில் சொட்டு விட்டுப் பார்த்தால் வெள்ளைதான் வரும்.

அதனால் ஒழுங்காகச் செய்கிறவர் ஒரு சொட்டோடு நிறுத்த மாட்டார். முதலில் காய்ச்சி வடித்த நீரில் விட்டுப் பார்ப்பார், அது தெளிவாகவே இருக்க வேண்டும். பிறகு நனையாத மேல் அடுக்குச் சாக்கில் சோதிப்பார், அதன் பிறகே நனைந்த சாக்குக்கு வருவார். இரண்டிலும் ஒரே வெள்ளை என்றால் அந்தச் சோதனையால் ஒன்றும் நிரூபணமாகவில்லை என்று பொருள். சொட்டோடு நீர்த்த நைட்ரிக் அமிலம் சேர்ப்பதும் கட்டாயம், ஏனென்றால் சுண்ணாம்புச் சுவரின் கார்பனேட்டும் வெள்ளியோடு வீழ்படிவு தரும். அமிலத்தில் அது நுரைத்துக் கரைந்துவிடும், குளோரைடு அசையாது.

வெளுத்ததா என்பதைவிட எவ்வளவு குளோரைடு என்பதே நல்ல கேள்வி. நனைந்த இரும்புத் தகட்டில் 10 சென்டிமீட்டருக்கு 10 சென்டிமீட்டர் சதுரம் குறித்து, ஈரப் பஞ்சால் துடைத்து, 50 மில்லிலிட்டர் காய்ச்சி வடித்த நீரில் அலசி, ஆய்வகத்தில் மோர் முறையில் குளோரைடின் அளவைக் கண்டுபிடிக்கலாம். பொட்டாசியம் குரோமேட்டை நிறங்காட்டியாக வைத்து, செங்கல் நிறம் வரும்வரை வெள்ளி நைட்ரேட்டை விடுவதுதான் அது. குடிநீர் ஆய்வகங்களில் வழக்கமாகப் பயன்படும் 0.0141 நார்மல் செறிவுள்ள வெள்ளி நைட்ரேட் கரைசலில் ஒரு மில்லிலிட்டர் அரை மில்லிகிராம் குளோரைடுக்குச் சமம். 0.1 மில்லிமீட்டர் தடிப்புக்குக் கடல் நீர் படர்ந்து காய்ந்திருந்தால் அந்தச் சதுரத்தில் 19 மில்லிகிராம் அளவுக்குக் குளோரைடு கிடக்கும், கரைசல் 38 மில்லிலிட்டருக்கு மேல் செலவாகும். வெறும் 4 மில்லிகிராம்தான் கிடைத்தது, நீர்மட்டத்துக்கு மேலே துடைத்த சதுரத்திலும் அதே 4 என்றால், அது உப்புக்காற்று படிய வைத்தது.

இதற்கு அடுத்த படிதான் இந்த விஷயத்திலேயே மிக அழகானது. 1872 முதல் 1876 வரை சேலஞ்சர் என்ற கப்பல் உலகக் கடல்களைச் சுற்றி நீர் எடுத்து வந்தது. அதில் 77 மாதிரிகளை வில்லியம் டிட்மார் பகுத்தாய்ந்து 1884-இல் முடிவை வெளியிட்டார். உப்பு கூடினாலும் குறைந்தாலும், அதன் முக்கியக் கூறுகளுக்குள் உள்ள விகிதம் எந்தக் கடலிலும் ஏறக்குறைய ஒன்றே. அந்த விதி பாக் நீரிணைக்கும் மன்னார் வளைகுடாவுக்கும் பொருந்தும். மழைக்காலத்தில் வடகடல், அதாவது பாக் நீரிணைப் பக்கம், நீர்த்துப்போகும், கோடையில் கடுத்துவிடும். ஆனாலும் எடையில் குளோரைடோடு ஒப்பிட்டால், மக்னீசியம் ஏறக்குறைய 15-இல் ஒரு பங்கு, சல்பேட் 7-இல் ஒரு பங்கு, புரோமைடு ஏறக்குறைய 290-இல் ஒரு பங்கு. கடலின் கைரேகை இது. எவ்வளவு தண்ணீர் கலந்து நீர்த்தாலும் கைரேகை அழியாது, மங்க மட்டுமே செய்யும்.

கல்லுப்பைக் கரைத்து மூட்டையில் தெளித்துவிட்டு 'கடல் புகுந்தது' என்று சொல்பவர் இங்கேதான் மாட்டுவார். உப்பளத்தில் பாத்தி காயும்போது மக்னீசிய உப்புகளுக்கு முன்பே சோடியம் குளோரைடு படிகமாகிறது. மக்னீசியத்தின் பெரும்பகுதி கசப்பு நீராக மிஞ்சி வெளியேற்றப்படுகிறது. ஆகவே கடையில் வாங்கிய உப்பில் மக்னீசியம் கடலின் விகிதத்துக்குப் பக்கத்தில்கூட வராது. கிணற்று நீருக்கும் இதே போன்ற வேறுபாடு உண்டு. கடலில் மக்னீசியம் கால்சியத்தைப்போல் மூன்று மடங்கு. நம் பக்கத்துப் பல கிணறுகளில் கால்சியமே முந்தும். மக்னீசியம், கால்சியம், குளோரைடு மூன்றையும் அளப்பது பெரிய வேலை இல்லை, குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகங்களில் அன்றாடம் நடப்பதுதான். ஆயிரங்களில் முடியும் சோதனையைச் செய்யாமல் லட்சங்களில் சண்டை போடுவது எனக்கு விளங்கவே இல்லை.

அதே மக்னீசியம்தான் சேதத்தை வளர்க்கும் குற்றவாளியும். சுத்தமான சோடியம் குளோரைடு காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால்தான் தானாக நீர் உறிஞ்சிக் கரையும். மக்னீசியம் குளோரைடுக்கு 33 சதவீதமே போதும். மண்டபத்திலோ பாம்பனிலோ காற்று அந்த அளவுக்கு வறண்டு கிடப்பதே அபூர்வம். வெயிலில் காய வைத்த மோட்டார் மறுநாள் பிசுபிசுவென்று இருப்பதும், வெள்ளம் வடிந்து இரண்டு வாரம் கழித்து ஸ்விட்ச் போர்டு பச்சை பூத்துச் சாவதும் இதனால்தான்.

ஆனால் கைரேகைக்கும் ஓர் எல்லை உண்டு. கடல் பொங்கிப் புகுந்தாலும் சரி, சாரலாக வருடம் முழுக்கப் படிந்தாலும் சரி, விகிதம் ஒன்றுதான். அந்த இரண்டையும் பிரிப்பது உயரமும் வடிவமும். வெள்ளம் கீழிருந்து ஏறும், எல்லாச் சுவரிலும் ஒரே மட்டத்தில் கோடு விடும். சாக்கு அதற்கு மேலும் கொஞ்சம் உறிஞ்சி, ஈரம் ஆவியாகும் விளிம்பில் உப்பைத் தடித்த வளையமாக நிறுத்தும். மேலிருந்து ஊற்றிய தண்ணீர் தாரையாக வழியும், அடிப்பக்கம் காய்ந்தே கிடக்கும். திருகு துளைகளுக்குள் நுண்மணலும் சேறும் சேர்ந்திருந்தால் வெள்ளத்துக்கு அது நல்ல சாட்சி.

துருவும் காலம் சொல்லும். மூன்று நாள் துரு செம்மஞ்சளாக, விரலில் ஒட்டும் பொடியாக இருக்கும். கத்தி முனையால் நெம்பினால் பரோட்டா மாதிரி அடுக்கடுக்காகப் பெயர்ந்து உள்ளே கருமை தெரிந்தால் அது வருடக்கணக்கு. மண்டபத்தில் உலோகத் துண்டுகளைக் கடற்காற்றில் நிறுத்தி வைத்து, அரிமானத்தின் வேகத்தை அளந்து வருபவர்கள் காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையத்தார். வள்ளல் அழகப்பர் 300 ஏக்கர் நிலம் கொடுத்து, 1953-இல் திறக்கப்பட்ட நிலையம் அது. ஒரு தகட்டை ஐந்து வருடம், பத்து வருடம் காத்திருந்து எடை பார்க்கும் ஆராய்ச்சிக்குத் தலைப்புச் செய்தி கிடைக்காது, மூன்றாண்டுத் திட்ட நிதியும் ஒத்து வராது. ஆனால் 'இந்த இடத்தில் இரும்பு வருடத்துக்கு எவ்வளவு கரையும்' என்ற எண் இல்லாமல் பாலமும் கட்ட முடியாது, க்ளெய்மும் தீர்க்க முடியாது. இப்படிப்பட்ட வேலைக்கு இடைவிடாத நிதி வேண்டும்.

விசைப்படகு எஞ்சினில் இன்னொரு நுணுக்கம். ஆயில் பால் மாதிரி வெளுத்திருந்தால் உள்ளே தண்ணீர் புகுந்திருக்கிறது, சோதித்தால் குளோரைடும் இருக்கும். அதனால் படகு மூழ்கியது என்று ஆகிவிடாது. கடல் நீரால் குளிர்விக்கும் எஞ்சினில் கேஸ்கெட் போனாலும், குளிர்விப்பான் குழாய் அரித்தாலும் இதே நிலைதான். மூழ்கிய படகு என்றால் ஆல்டர்னேட்டருக்குள்ளும், வயர் இணைப்புகளிலும், ஏர் ஃபில்டரிலும்கூட உப்பு இருக்கும். உப்பு உள்ளே மட்டும் இருந்து வெளியே எல்லாம் சுத்தம் என்றால் அது தேய்மானம், பாலிசியில் வராது.

நஷ்டப்பட்டவர் தெரிந்துகொள்ள வேண்டியது வேலைகளின் வரிசை. சேதம் பெருகாமல் காப்பது பாலிசிதாரரின் கடமை, அதற்காக நல்ல தண்ணீரில் அலசத்தான் வேண்டும். ஆனால் அலசினால் சாட்சியும் போய்விடும். ஆகவே முதலில் நீர்க்கோடு தெரியும்படி, பக்கத்தில் அளவு நாடா வைத்து, படம் எடுங்கள். கோட்டுக்குக் கீழே ஒன்று, மேலே ஒன்று, தொடாத சுத்தப் பஞ்சு ஒன்று என மூன்று பஞ்சுகளைத் தனித்தனிப் பாலிதீன் உறைகளில் இட்டு, இடம், நேரம் எழுதி மூடுங்கள். பஞ்சை நனைக்க பேட்டரி கடையில் விற்கும் காய்ச்சி வடித்த நீர் போதும், கையில் உறை போட்டுக்கொள்ளுங்கள். தேங்கிய தண்ணீரிலேயே ஒரு பாட்டில் பிடித்து வையுங்கள், உங்கள் கிணற்று நீரில் இன்னொன்று. இன்சூரன்ஸ் நிறுவனத்துக்குத் தகவல் சொல்லிவிட்டு, பிறகு அலசுங்கள்.

தேவிபட்டினத்து நண்பர் சர்வேயரிடம் கேட்க வேண்டியது ஒன்றே: நனையாத சாக்கில் சொட்டு விட்டுப் பார்த்தீர்களா? அறிக்கையில் அந்த வரி இல்லையென்றால், மறுசோதனை கேட்டு எழுத்தில் கொடுங்கள். மேல் அடுக்கு மூட்டைகளில் இரண்டை அதுவரை விற்காமல் வைத்திருங்கள்.